தோணிச் செலவு

‘செலவு’ என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே இக்காலத்தார் நெஞ்சம் பணப்பையை நோக்கிச் செல்லும். பழந்தமிழர் நெஞ்சமோ வழியை நோக்கிச் சென்றது. ‘செல்’ என்னும் அடியிற் பிறந்த இச்சொல்லுக்குப் பயணம் என்பதே பழம்பொருள். கைப்பொருள் நம்மை விட்டுச் செல்வதும் ஒரு பயணமே ஆதலின், பிற்காலத்தார் அதனையும் செலவு என்றனர் போலும். எங்கேனும் புறப்பட எண்ணுவோர் இவ்விரு பொருளையும் ஒருங்கே உணர்வர்.

பாவேந்தர் பாரதிதாசன் 1930களில் நண்பர் சிலரோடு பக்கிங்காம் கால்வாய் வழியே தோணியேறி மாமல்லபுரம் சென்றார். அப்பயணத்தை ‘மாவலிபுரச் செலவு’ என்னும் பாட்டாகப் பாடினார். வகுப்பில் அப்பாட்டை நடத்தும்போதெல்லாம் ‘செலவு’ என்னும் சொல்லருகே சற்று நேரம் நின்று செல்வது என் வழக்கம். மாணவர் பாட்டின் அடிகளை மறந்திருக்கலாம், தோணியை மறக்கவில்லை. அதனைப் பல்லாண்டு கழிந்தபின் ஒரு கார்த்திகை மாத ஞாயிற்றுக்கிழமை மாலையில் அறிந்தேன்.

யான் வாழ்வது திருப்பெரும்புதூரில். ஸ்ரீபெரும்புதூர் என இன்று வழங்கும் இவ்வூர் இராமாநுசர் பிறந்த ஊர் என்று முன்னரே பெயர் பெற்றது. இப்போது ஆலைகளின் ஊர் என்றும் பெயர் பெற்றுவிட்டது. அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையில் 1998ஆம் ஆண்டு ஹூண்டாய் ஆலை கார்களைச் செய்யத் தொடங்கியது. அதன்பின் ஒரகடம், வல்லம், பிள்ளைப்பாக்கம் என்று ஆலைகள் பரவிக்கொண்டே போயின. ஏரிக்கும் ஏரிக்கும் இடையே வயலும் பனையுமாக இருந்த நிலத்தில் இன்று நீண்ட இரும்புக் கூரைகள் வெயிலில் மின்னுகின்றன. இவ்வட்டாரத்துப் பள்ளிகளில் முப்பதாண்டுக் காலம் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன் யான். என்னிடம் படித்தவருள் பலர் அக்கூரைகளின் கீழ்தான் உழைக்கின்றனர்.

அன்று மாலை வந்தவர் எண்மர். எழுவர் என் மாணவர். எட்டாமவர் அவர்களோடு ஒரே அறையில் தங்கி வேலை செய்யும் கிள்ளை ஊர்த் தம்பி. ஒருவர் பளுதூக்கும் வண்டி ஓட்டுபவர். ஒருவர் பற்றவைப்பு வேலை செய்பவர். ஒருவர் வண்ணம் பூசும் பிரிவில் இருப்பவர். இந்த வண்ணக்காரத் தம்பியே அனைவரிலும் இளையவர். “ஐயா, பாவேந்தர் போன வழியிலே நாங்களும் தோணியில் போக வேண்டும், இரவு கரையிலே கூடாரம் அடித்துத் தங்க வேண்டும், தாங்களும் உடன்வர வேண்டும்” என்றனர். அறுபதைக் கடந்தவனைத் தோணிக்கு அழைக்க மனம் வந்ததே என்று மகிழ்ந்தேன்.

ஆயினும் பாவேந்தர் போன வழி இன்று வழியாக இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பகுதி பகுதியாக வெட்டப்பட்ட அக்கால்வாய், காக்கிநாடாவிலிருந்து மரக்காணம் வரையில் கரையோரமாகவே நீண்டு, நெல்லும் உப்பும் விறகும் ஏற்றிய தோணிகளைச் சுமந்தது. 1965, 1966ஆம் ஆண்டுகளின் புயல்கள் அதனைப் பெரிதும் சிதைத்தன. பின்னர் மண் மேவியும், நகரக் கழிவு கலந்தும், ஆகாயத்தாமரை படர்ந்தும், பல இடங்களில் அது தோணிக்கு உதவாது போயிற்று. இச்செய்தியை யான் கூறியதும் அவர்கள் முகம் வாடியது. அதுவரை பேசாதிருந்த கிள்ளைத் தம்பி, “ஐயா, எங்கள் ஊர்க் கழியில் தோணி ஓடுகிறதே!” என்றார்.

கிள்ளை என்பது சிதம்பரத்திற்குக் கிழக்கே, பிச்சாவரம் காட்டை அடுத்துள்ள கடற்கரை ஊர். வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் கடலோடு கலக்க, இரண்டிற்கும் இடைப்பட்ட உப்பங்கழியில் அலையாத்திக் காடு வளர்ந்திருக்கிறது. சங்கப் புலவர் கண்டல் என்று பாடிய மர இனம் இது. சுரபுன்னையின் வேர்கள் வளைந்திறங்கிச் சேற்றில் ஊன்றி நிற்கும். தில்லை மரமும் அங்கு உண்டு. சிதம்பரத்திற்குத் தில்லை என்னும் பெயர் வந்தது அம்மரத்தாலேதான். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காடு அலையின் வேகத்தைத் தணித்ததால் அதன் பின்னிருந்த ஊர்கள் சில பெருஞ்சேதத்திற்குத் தப்பின. கிள்ளைத் தம்பி அப்போது சிறு பிள்ளை.

அவருடைய தாய்மாமனிடம் சிறு வள்ளங்கள் இருந்தன. ஒல்லியாய், நீண்டு, துடுப்பால் வலிக்கப்படுவது வள்ளம். மேலைநாட்டார் கேனோ என்பதும் இத்தகையதே. ஓடம், அம்பி, பஃறி, திமில், புணை, பரிசல் என்று நம் மொழியில் நீரூர்திப் பெயர்கள் எத்தனை! வையைத் துறையில் குதிரைமுகமும் யானைமுகமும் சிங்கமுகமும் உடைய அம்பிகள் இயங்கியதைச் சிலப்பதிகாரம் காட்டுகிறது. இவ்வளவு பெயரும் வைத்த மொழிக்குரிய நாம், படகில் ஏறினால் எங்கே உட்காருவது என்று அறியாதிருக்கிறோம்.

காடு வனத்துறையின் காவலில் உள்ளது. இசைவின்றி அதனுள் இரவு தங்குதல் ஆகாது. ஆகவே காட்டுக் கால்வாய்களைச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துப் படகில் சென்று காண்பது, வள்ளம் வலிப்பது ஊரையொட்டிய கழியில், இரவு தங்குவது மாமனின் தென்னந்தோப்பில் என்று முடிவாயிற்று. மூன்று வள்ளம், வள்ளத்திற்கு மூவர், என்னையும் சேர்த்து ஒன்பதின்மர்.

இனி நாள் குறிக்க வேண்டும். ஆலைத் தொழிலாளர் எண்மர்க்கு ஒரே நாளில் ஓய்வு கிடைப்பது எண்கவனகம் செய்வதினும் அரிது. முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், இரவு ஷிப்ட் என்று அவர்கள் பொழுது மூன்றாகப் பிரிந்து கிடந்தது. ஒருவர் உறங்கும்போது ஒருவர் உழைப்பார். ஒரே அறையில் வாழ்வோரும் வாரக்கணக்கில் ஒருவரையொருவர் விழித்த நிலையில் காண்பதில்லை என்றனர். கேட்க வியப்பாக இருந்தது. பளுவண்டி ஓட்டும் தம்பி ஒரு தாளில் கட்டம் வரைந்து, ஒவ்வொருவர் ஷிப்டையும் எழுதி, யாரோடு யார் மாற்றிக்கொள்வது என்று பத்து நாள் அலைந்து, பொங்கலை அடுத்து இரண்டு நாள் கண்டுபிடித்தார். அவருள் இருவர் ஒப்பந்தத் தொழிலாளர். வேலைக்குச் செல்லாத நாளுக்கு அவர்கட்குக் கூலி இல்லை. வண்ணக்காரத் தம்பி அவ்விருவருள் ஒருவர்.

நாள் குறித்த அன்று, “எல்லார்க்கும் நீந்தத் தெரியுமன்றோ?” என்று கேட்டேன். எல்லாரும் தலையசைத்தனர். சிலர் தலை, பிறர் தலை அசைவதைப் பார்த்த பின்னரே அசைந்தது. ‘பாடம் விளங்கிற்றா?’ என்று கேட்டால் கடைசி வரிசையிலிருந்து வரும் தலையசைப்பு அது. முப்பதாண்டு அதனைப் பார்த்துப் பழகியவன் யான். “நன்று, வரும் ஞாயிறு காலையில் கிணற்றுக்குப் போவோம்” என்றேன்.

ஊர்ப்புறத்தில் எனக்குத் தெரிந்த வேளாளர் ஒருவரின் கிணறு இருந்தது. சுற்றிலும் கற்படி இறங்கும் பழைய கிணறு. ஏறத்தாழ இருபத்தைந்து அடி அகலம். கிள்ளைத் தம்பி மேட்டிலிருந்தே பாய்ந்தார். இன்னும் இருவர் நன்றாக நீந்தினர். ஒருவர் சிறிது நேரம் கையை அடித்து மிதந்து, படியைப் பற்றிக்கொண்டார். மற்ற நால்வரும் நீரின் விளிம்பிலேயே நின்றனர். வண்ணக்காரத் தம்பி கடைசிப் படியில் ஒரு கால்விரலை மட்டும் நனைத்துவிட்டு அதையும் எடுத்துக்கொண்டார்.

ஏரிகள் சூழ்ந்த நாட்டிற் பிறந்தவர்க்கு நீச்சல் வராதது ஏன் என்று வெளியூரார் வியக்கலாம். எங்கள் இளமையில் ஏரியும் கிணறுமே விளையாட்டிடம். அவை இன்றும் உள்ளன. ஆயினும் மண் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. எனவே பெற்றோர் பிள்ளைகளை ஏரிப்பக்கம் விடுவதில்லை. கிணறுகள் பல தூர்ந்து மனைகளாகிவிட்டன. செம்பரம்பாக்கம் ஏரியோ 24 அடி ஆழமும் 3,645 மில்லியன் கன அடிக் கொள்ளளவும் உடையது. அது சென்னையின் குடிநீர், நம் நீச்சற் குளமன்று. இவ்விளைஞர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

“ஐயா, யான் கரையிலே இருந்து சமையலைப் பார்த்துக்கொள்கிறேன். எனக்காக நாளை மாற்ற வேண்டா” என்றார் வண்ணக்காரத் தம்பி. மெல்லத்தான் சொன்னார்; ஆனால் கிணற்றுக்குள் மெல்லிய குரலும் பெரிதாகக் கேட்கும். நீந்தத் தெரியாத மற்ற மூவரும் தலைகுனிந்தனர். பளுவண்டித் தம்பிக்குச் சினம் வந்தது. “பத்து நாள் அலைந்து வாங்கிய விடுப்பு இது. இதனை விட்டால் சித்திரை வரையில் கிடையாது. மிதவைச் சட்டைதான் போடப்போகிறோமே. நீந்தத் தெரிந்து என்ன ஆக வேண்டும்?” என்றார். அவர் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. மிதவைச் சட்டை ஆளை மிதக்க வைக்கும். ஆயினும் நீரைக் கண்டு நடுங்குபவன் தோணி சற்றே சாய்ந்தால் துள்ளி எழுவான். அவன் எழுந்தால் வள்ளம் கவிழும். நீந்தத் தெரிந்தவனும் அவனோடு விழுவான். இதனைக் கிள்ளைத் தம்பி எடுத்துச் சொன்னார்.

எனக்குச் செலவழுங்கல் என்னும் துறை நினைவுக்கு வந்தது. பொருள் தேடப் புறப்பட்ட தலைவன், தலைவியின் கண்ணீரைக் கண்டு போகாமல் நிற்பதைப் புலவர் பாடுவர். அங்ஙனம் நிற்பது போகாமல் விடுவது ஆகாது என்கிறார் தொல்காப்பியர். உடனுறைபவரைத் தேற்றி உறுதிப்படுத்தும் பொருட்டுச் சிறிது தாழ்ப்பதே அது என்பது அவர் கருத்து. படியில் உட்கார்ந்தபடியே இதனைச் சொன்னேன். யாரும் விடை சொல்லவில்லை. சற்றுப் பொறுத்துப் பளுவண்டித் தம்பியே கிள்ளைத் தம்பியை நோக்கி, “நீந்தப் பழக எத்தனை நாள் ஆகும்?” என்று கேட்டார். “இரண்டு வாரத்தில் மிதக்கலாம்; ஐந்தாறு வாரத்தில் இந்தக் கிணற்றைக் கடக்கலாம்” என்று விடை வந்தது. பளுவண்டித் தம்பி தம் சட்டைப்பையிலிருந்த கட்டத்தாளை எடுத்துப் பார்த்தார். பிறகு அதனை நான்காகக் கிழித்துவிட்டார்.

புதிய நாள் மாசியில் அமைந்தது. மாசி மகத்தன்று திருமுட்டம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருள்வார். அன்று அவ்வூரில் நிற்கவும் இடமிராது. அது முழுமதி நாளும் ஆதலால் ஓதம் மிகுந்திருக்கும். எனவே அதற்கு எட்டு நாள் பிந்தி, ஓதம் அடங்கிய நாளைக் கிள்ளைத் தம்பி தேர்ந்தார். அங்குக் கடல்நீர் நாளொன்றுக்கு ஏறத்தாழ இருமுறை ஏறும், இருமுறை வடியும். நாள்தோறும் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்தி வரும். வடியும் வேளையில் சிறு கிளைக்கால்வாயில் புகுந்தால் வள்ளம் சேற்றில் அமர்ந்துவிடும். அடுத்த ஏற்றம் வரையில் கொசுவுக்கு விருந்தாக இருக்க வேண்டியதுதான். ஆதலால் எங்கள் நாழிகைக் கணக்கை வகுத்தது கடிகாரம் அன்று, நிலவு.

நாள் மாறியதால் ஒப்பந்தத் தொழிலாளர் இருவர்க்கும் கூலி இழப்பு ஒரு நாள் கூடியது. ஏனைய அறுவரும் அதனைப் பகிர்ந்துகொள்வதாகக் கூறினர். இருவரும் மறுத்தனர். “வள்ளத்துக்கு வாடகை தருகிறோம்; வண்டிக்கு எண்ணெய் ஊற்றுகிறோம்; இதுவும் செலவில் ஒரு வரி” என்று பற்றவைப்புத் தம்பி நோட்டுப் புத்தகத்தில் எழுதியும்விட்டார். சொல்லின் இரு பொருளும் அன்று ஓரிடத்தில் கூடின.

பின்வந்த வாரங்களில் கிணற்றடி ஒரு பள்ளியாயிற்று. ஆசிரியர் கிள்ளைத் தம்பி. யான் படியில் அமர்ந்து பார்த்திருந்தேன். முற்காலத்தில் உலர்ந்த சுரைக்குடுக்கையை முதுகில் கட்டி நீச்சல் பழக்குவர். இப்போது ஐந்து லிட்டர் எண்ணெய் கேன் அந்த வேலையைச் செய்கிறது. முதல் வாரம் முழுதும் அவர் கையடிக்கவோ காலடிக்கவோ விடவில்லை. படியைப் பற்றிக்கொண்டு முகத்தை நீருள் அமிழ்த்தி மூச்சை வெளியே விடுவது மட்டுமே பாடம். அதன்பின் மல்லாந்து மிதத்தல். இரவு ஷிப்ட் முடித்து உறங்காத கண்ணோடு நேரே கிணற்றுக்கு வந்தவரை அவர் நீரில் இறங்கவே விடவில்லை. “உறங்கிவிட்டு மாலையில் வாருங்கள்” என்று திருப்பி அனுப்பினார். ஆர்வத்தோடு வந்தவரைத் திருப்பி அனுப்பத் துணியும் ஆசிரியர் எவ்வளவு அரியர் என்பதை யான் அறிவேன்.

வண்ணக்காரத் தம்பிக்கு மற்றவரினும் நாள் அதிகம் பிடித்தது. இரண்டாம் வாரம் வரையில் அவர் கேனை அவிழ்க்க விடவில்லை. நான்காம் வாரத்தில் ஒரு நாள் மல்லாந்து மிதக்கையில், அவர் அறியாமலே கயிற்றை அவிழ்த்துவிடலாமா என்று ஒருவர் கண்ணால் கேட்டார். கிள்ளைத் தம்பி கையசைத்துத் தடுத்தார். “ஏமாற்றிக் கற்பித்தால் அடுத்த முறை நம்மை நம்பமாட்டார்” என்று பின்னர் எனக்குச் சொன்னார். ஐந்தாம் வாரம் வண்ணக்காரத் தம்பி தாமே கயிற்றை அவிழ்த்து, கேனைப் படியில் வைத்துவிட்டு, எதிர்ப்படிக்கு நீந்திச் சென்றார். அழகான நீச்சல் அன்று. நாய் நீந்துவது போல் இருந்தது. கரையேறியதும் அவர் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நெடுநேரம் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தார்.

மிதவைச் சட்டையையும் அக்கிணற்றிலேயே சோதித்தோம். கடையில் வாங்கும்போது அளவாய் இருந்த சட்டைகளுள் இரண்டு, நீரில் குதித்ததும் காது வரையில் ஏறி வாயை மூடின. இடைவார் தளர்ந்திருந்ததே காரணம். கரையிலே இறுக்கியது நீரில் தளரும் என்பதை நீரிலன்றி வேறெங்கும் அறிய இயலாது. நீந்த வல்லவரும் சட்டையைக் கழற்றலாகாது என்று விதி செய்தோம். 2009 செப்டம்பர் 30ஆம் நாள் தேக்கடி ஏரியில் சுற்றுலாப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்ததில் 45 பேர் மாண்டனர். 2011 டிசம்பர் 25ஆம் நாள் பழவேற்காட்டில் விடுமுறையைக் கொண்டாடச் சென்றோர் ஏறிய படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டனர். அவர்களும் கட்டுச்சோற்றோடும் சிரிப்போடும் புறப்பட்டவர்களே.

வலிக்கும் பயிற்சி என் வீட்டுத் திண்ணையில் நடந்தது. மூவர் மூவராக வரிசையில் அமர்ந்து, துடைப்பக் கழியைத் துடுப்பாக ஏந்தி, முன்னிருப்பவன் தோளைப் பார்த்து ஒன்றுபோல் வலித்தனர். ஏலேலோ பாட்டு எழுந்தது, தெருப்பிள்ளைகள் கூடிவிட்டனர். அடுத்தடுத்து இருப்பவர் எதிரெதிர்ப் பக்கம் வலிக்க வேண்டும், எழுந்து நிற்கலாகாது, கவிழ்ந்தால் கரை நோக்கித் தனியே நீந்தாமல் வள்ளத்தைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பன பாடங்கள். முடிச்சூரில் வாழ்ந்த தம்பி ஒருவர், 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர் படகால் மீட்கப்பட்டவர். “அன்று அந்த அண்ணன் எங்களிடம் சொன்னது ஒரே சொல்தான், ஐயா: உட்கார். அழுதாலும் உட்கார்ந்து அழு என்றார்” என்று நினைவு கூர்ந்தார். அதன்பின் எங்கள் குழுவில் யார் பரபரத்தாலும் ‘உட்கார்’ என்பதே விடையாயிற்று.

பொருள் தொகுப்பதில் ஆலைப் பயிற்சி பெரிதும் உதவியது. ஜப்பானியர் வகுத்த ‘ஐந்து எஸ்’ என்னும் ஒழுங்கு அவர்கள் ஆலைகளில் நடைமுறையில் உள்ளதாம். ஒவ்வொரு கருவிக்கும் பலகையில் அதன் உருவத்தை வரைந்திருப்பர். கருவி இல்லையெனில் வெற்றுருவம் கண்ணில் படும். பற்றவைப்புத் தம்பி அவ்வாறே என் கூடத்துத் தரையில் சுண்ணக்கட்டியால் உருவங்கள் வரைந்தார்: கூடாரம் மூன்று, துடுப்பு ஒன்பதும் மாற்றுத் துடுப்பு மூன்றும், கயிறு, ஊதல், கைவிளக்கு, கத்தி, மருந்துப் பெட்டி, தண்ணீர் இறைக்கும் குவளை. நான்கு நாள் என் வீட்டார் அவ்வுருவங்களை மிதிக்காமல் சுவரோரமாக நடந்தனர்.

துணியும் போர்வையும் நனையாதிருக்க மூடியுள்ள நீலப் பீப்பாய்கள் தேவைப்பட்டன. எங்கள் பக்கத்துப் பழம்பொருட் கடைகளில் அவை மலிவு. ஆயினும் முன்னர் என்ன சரக்கு அடைத்தது என்பதைப் பார்க்க வேண்டும். வண்ணக்காரத் தம்பி ஒவ்வொன்றையும் திறந்து முகர்ந்து, ஒட்டியிருந்த தாளைப் படித்து, பத்தில் ஏழை விலக்கினார். “இவற்றில் போர்வை வைத்தாலும் தோல் அரிக்கும், ஐயா” என்றார். அவர் தொழில் அவருக்குத் தந்த அறிவு அது. எங்களில் வேறெவர்க்கும் இல்லை.

கழிநீர் உப்பு, குடிநீர் முழுதும் நாமே கொண்டுசெல்ல வேண்டும். ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டர் என்றால் ஒன்பதின்மர்க்கு இரு நாளுக்கு 72 லிட்டர். இருபது லிட்டர் கேன் நான்கு; எடை 80 கிலோ. பத்தாவது ஆள் ஒருவர் உடன்வருவது போன்றது இது. அவர் இருக்கையையும் முன்னரே வகுக்க வேண்டும். கனமானவை வள்ளத்தின் நடுவில் அடிமட்டத்தில், கயிற்றால் பிணைத்து வைக்கப்படும் எனக் குறித்துக்கொண்டோம்.

உணவுப் பொறுப்பை என் மனைவியார் ஏற்றுக்கொண்டார். முதல் நாளுக்குப் புளிச்சோறு. மறுநாட் காலைக்குக் காஞ்சிபுரம் இட்டிலி. மிளகும் சீரகமும் சுக்கும் கலந்து மந்தாரை இலையில் வேகவைப்பதாதலின் அது பயணத்திற்கு ஏற்றது. அதற்கும் மேல் அவலும் வெல்லமும் பொரிவிளங்காய் உருண்டையும். இவ்வுருண்டையின் கடினத்தைப் பற்றி வீட்டில் நடந்த உரையாடலை ஈண்டு எழுதாமல் விடுதலே முறை. இரவுச் சமையலுக்கு விறகு அங்கேயே பொறுக்கலாம் என்று ஒருவர் சொன்னபோது கிள்ளைத் தம்பி மறுத்தார். தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையை மறைக்கும். அதன் விறகை அறியாதவர் அடுப்பில் வைத்துவிடுவர். ஆகவே தென்னமட்டையும் தேங்காய் மட்டையும் தோப்பிலேயே தருவதாக மாமன் ஏற்றுக்கொண்டார்.

புறப்பட மூன்று நாள் இருக்கையில் கிள்ளைத் தம்பியின் அன்னையார் தொலைபேசியில் என்னோடு பேசினார். பேரலை வந்த நாளைக் கண்ணால் கண்டவர் அவர். “ஐயா, பொழுது சாய்வதற்கு முன் வள்ளம் மூன்றும் கரையில் இருக்க வேண்டும். முகத்துவாரத்துப் பக்கம் போகவே கூடாது. காற்று மாறினால் என் அண்ணன் திரும்பு என்பார். ஏன் என்று கேட்கக் கூடாது. இதற்கெல்லாம் நீங்கள் வாக்குக் கொடுத்தால் வரச் சொல்லுங்கள்” என்றார். கொடுத்தேன். எண்மரையும் அழைத்து, ஒவ்வொருவரையும் தம் வாயாலும் அவ்வாறே சொல்லச் செய்தேன்.

புறப்படும் நாளுக்கு முந்திய இரவு, கூடத்துத் தரையில் பொருள்கள் தத்தம் உருவங்களில் வந்து அமர்ந்தன. ஓர் உருவம் மட்டும் வெறுமையாய் இருந்தது, ஊதல். தேடியபோது அது வண்ணக்காரத் தம்பியின் மிதவைச் சட்டையில் நூலால் தைத்துக் கிடந்தது. “கையில் இருந்தால் விழுந்துவிடும், ஐயா” என்றார். பற்றவைப்புத் தம்பி ஊசி நூலை வாங்கி, மற்ற எட்டுச் சட்டைகளுக்கும் ஊதல் வாங்கிவரக் கடைக்கு ஓடினார்.

விடியற்காலை நான்கு மணிக்கு வண்டி புறப்பட்டது. ஒரகடம் வழியில் முதல் ஷிப்ட் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு பேருந்துகள் எதிரே ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பளுவண்டித் தம்பி ஒவ்வொரு பேருந்தையும் பெயர் சொல்லி எண்ணிக்கொண்டு வந்தார். இரண்டாம் ஷிப்ட் முடித்து இரவெல்லாம் உறங்காத வண்ணக்காரத் தம்பி, சிங்கப்பெருமாள்கோயிலைத் தாண்டும் முன்னரே உறங்கிவிட்டார். மிதவைச் சட்டையை மடித்துத் தலைக்கு வைத்திருந்தார். அதனைத் தலையணை ஆக்கக் கூடாது என்பதும் எங்கள் விதிகளுள் ஒன்று. ஆயினும் அவரை எழுப்பக் கிள்ளைத் தம்பிக்கும் மனம் வரவில்லை.